என் கட்டுரைகளை எழுதிய அப்பா

திருச்சியில் ஒரு பெரிய ஓட்டலின் மாடி அரங்கில் தொற்றுநோய் மருத்துவர்களின் மாநாடு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் மேடையில் என் அப்பாவின் பெயரைச் சொன்னார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, டீ இடைவேளையில் எடுத்து வந்த சமோசாவை யாருக்கும் தெரியாமல் தின்றுகொண்டிருந்தேன். தென்னிந்திய நெல் வயல் பகுதியில் இந்த நோயைப் பற்றி இவர் அருமையான வேலை செய்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, திரையில் அப்பாவின் பெயரைக் காட்டினார். பெயருக்குப் பின்னால் 'மற்றும் பிறர்' என்று இருந்தது. பக்கத்தில் இருந்த டாக்டர் அந்தப் பெயரைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

என் அப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். மாநாட்டுக்கு அவர் வரவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் தினசரிப் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருந்திருப்பார். அந்த வேலையைச் செய்தவள் நான். எழுந்து நின்று "அது நான்" என்று கத்தியிருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமோசாவை விழுங்கிவிட்டு வெளியே ஓடி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, உங்க பேரை மேடையில சொல்றாங்க."

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லப்பா. டாக்டருங்க மாநாடு. நம்ம கட்டுரையைப் பத்திப் பேசுறாங்க."

"பேரை ஒழுங்கா சொன்னாங்களா?"

"கொஞ்சம் கடிச்சுத் துப்பினாங்க."

"சரி விடு, வெளியூர்க்காரங்க."

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு வைகுண்ட ஏகாதசியிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்க்கிறேன். சீழ், சளி, இரத்தம், சிறுநீர் இவைதான் என் தொழில். நோயாளியின் மாதிரியில் பெயர் எழுதாமல் அனுப்பும் பயிற்சி மருத்துவர்கள் என் அறை வாசலைத் தவிர்த்து மாடி சுற்றிப் போவார்கள். அவ்வளவு கோபக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு வீடு ஸ்ரீரங்கத்தில். வீட்டுக்காரர் கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலை. நான் கத்தும்போது காதில் பஞ்சு வைத்ததுபோல உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்.

அந்த மார்கழியில் அப்பா ஒரு ஆளை டவுன் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வந்தார். ஆலையில் மூட்டை தூக்குகிறவர். ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்தவருக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. சர்க்கரை நோய் இருந்தது. பல மாதமாகக் காய்ச்சல். எந்தப் பரிசோதனையிலும் காசநோய்க் கிருமி கண்ணில் படவில்லை. ஆனாலும் வேறு எதுவும் தோன்றாததால் காசநோய் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் காய்ச்சல் குறையவில்லை. இப்போது தொடையில் ஒரு கட்டி வேறு.

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சாம் பாப்பா. நீ ஒரு தடவை பாரு" என்றார் அப்பா.

கட்டியிலிருந்து சீழ் எடுத்து, கிருமி வளர்க்கும் பிளேட்டில் தடவி, இன்குபேட்டரில் வைத்தோம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்களுடையதில் மட்டுமல்ல, பல இடங்களிலும் அப்படித்தான். இரண்டு நாளில் உருப்படியாக எதுவும் வளராவிட்டால், அல்லது ஊர்பேர் தெரியாத சின்னப் புள்ளிகள் மட்டும் வளர்ந்தால், 'வெளியிலிருந்து கலந்தது' என்று எழுதி அழித்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் இருந்தவர் அப்படித்தான் எழுதினார். அழிக்க வேண்டியவற்றை இன்குபேட்டரின் கடைசித் தட்டில் ஒதுக்கி வைப்பார்கள். மறுநாள் காலையில் எங்கள் சீனியர் டெக்னீஷியன் வந்து எடுத்துப் போவார்.

மறுநாள் ஏகாதசி. மாவட்டத்துக்கே விடுமுறை. டெக்னீஷியன் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். சொர்க்கவாசல் திறக்கும் அன்று அவரை வேலைக்கு வரச் சொல்லும் தைரியம் எங்கள் டீனுக்கே கிடையாது. எனக்கும் வெளியே வர வழியில்லை. தெரு முனையில் போலீஸ் தடுப்பு, அதற்கு அப்பால் மனிதத் தலைகள். மறுநாள் விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணை என்று டெக்னீஷியன் இன்னொரு நாள் லீவு போட்டார். புதன்கிழமை காலையில் அவர் என் அறைக்கு வந்தபோது முகம் சரியாக இல்லை.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. ஒரு பிளேட்டைக் களையாம விட்டுட்டேன். திவ்யமா சேவை ஆச்சு, அந்த நெனப்புலயே இருந்துட்டேன். ஆனா அது ஒரு மாதிரி இருக்கு. வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். நாலைந்து நாள் கிடந்த அந்தப் புள்ளிகள் பெரிதாகி, வெயிலில் காய்ந்த வற்றல்போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தன. அவர் இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று மூடியில் கை வைத்தார்.

"திறக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அந்த மடிப்புகளைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒவ்வொரு கிருமியும் இரு முனையிலும் நிறமேறி, புடவைக்குக் குத்தும் ஊக்குபோல இருந்தது. வழக்கமாகக் கொல்லும் ஊசி மருந்துக்கு அது அசையவில்லை. மெலியாய்டோசிஸ் நோயைத் தருவது. சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி. கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். சர்க்கரை இருப்பவர்களைக் குறிவைக்கும். காசநோய்போல வேஷம் போடும். காசநோய் மாத்திரையை எத்தனை மாதம் விழுங்கினாலும் அதற்கு உறைக்காது. சரியான மருந்து கொடுத்தால் ஆள் பிழைப்பார். நம் வயல்களில் அது இருக்கிறது என்று படித்திருந்தேன். நாங்கள்தான் அதை இரண்டாவது நாளிலேயே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"எல்லாம் பெருமாள் கிருபை மேடம்" என்றார் டெக்னீஷியன், கண் கலங்க.

"லீவு விட்ட கலெக்டர் கிருபை" என்றேன். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம்; அதேதான் என்று பதில் வந்தது. மருந்தை மாற்றினார்கள். சில மாதம் கழித்து மூட்டைக்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பொன்னி அரிசிப் பையோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார். அந்த அரிசியில் பொங்கல் வைத்து துறை முழுக்கச் சாப்பிட்டோம்.

இதை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். என் முதல் கட்டுரை. ஆன்லைன் படிவத்தில் முதற்பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரிலிருந்து ஒரு எழுத்து, அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தைப் போட்டால் படிவம் சிவப்பில் திட்டியது. காலியாக விட்டாலும் திட்டியது. சலித்துப்போய் அப்பாவின் பெயரை முழுதாக அடித்துவிட்டேன்.

உலக வழக்கத்தில் குடும்பப்பெயர்தான் ஆளைக் குறிக்கும். கட்டுரை வந்தபோது அப்பாவின் பெயர் முழுதாகவும் என் பெயர் ஒற்றை எழுத்தாகவும் அச்சாகியிருந்தது. அடுத்தடுத்து எழுதியவற்றிலும் அதே பெயரே நிலைத்தது. அப்பா முதல் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து ஆலையில் எல்லோருக்கும் காட்டினார். அதன் பிறகு ஆலையில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவரைத்தான் கேட்டார்களாம்.

நோயாளிகள் வந்தார்கள். நானும் எழுதினேன். அப்பா அவ்வப்போது போன் செய்து "ஒருத்தரை அனுப்பியிருக்கேன், பாரு" என்பார். எனக்கு எரிச்சல் வரும். "ஏம்பா, நீங்க என்ன சீஃப் டாக்டரா?" என்பேன். ஆனால் அவர் அனுப்பும் ஆளைப் பார்த்துவிடுவேன். கட்டுரைகளின் கடைசியில் நன்றிப் பகுதி எழுதும்போது நான் தாராளமாக இருப்பேன். டீன், துறைத்தலைவர், டெக்னீஷியன், சரியான நேரத்தில் இன்குபேட்டரைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர்வரை எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

நடுவில் பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் வீட்டுக்காரரின் பெயர் குடும்பப்பெயராக ஏறியது. கல்லூரி அடையாள அட்டை அதைப் பார்த்து மாறியது. அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள் அவர் பெயருக்குப் போயின. இரும்புக் குழாயில் பற்றவைப்பு சரியா என்று பார்க்கும் மனிதருக்கு, 'மதிப்புக்குரிய பேராசிரியரே, எங்கள் தொற்றுநோய் இதழுக்கு ஒரு கட்டுரை தாருங்கள்' என்று, பெயரை வைத்து முகவரி தேடிப்பிடித்து மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார்கள். அவர் பணிவாக எல்லாவற்றையும் எனக்கு அனுப்பி வைப்பார்.

பேராசிரியர் பதவிக்கு அழைப்பு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. அந்தப் பதவி வந்தால் எங்கள் ஆய்வகம் முழுதும் என் கையில். எல்லாப் பிளேட்களையும் ஒரு வாரம் வைத்திருங்கள் என்று நான் உத்தரவு போடலாம்; இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தேன். அடுத்த அழைப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆகாயத்தில் நடந்துகொண்டிருந்த என்னை, சான்று சரிபார்க்கும் கடைசி நாள் காலையில் அலுவலகக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க பேர்ல கட்டுரையே இல்லையே?"

"என்ன சார் சொல்றீங்க? பட்டியல் கொடுத்திருக்கேனே?"

"பாத்தேன். பாதி ஒரு ஆண் பேர்ல இருக்கு, மீதி இன்னொரு ஆண் பேர்ல இருக்கு. இதுல நீங்க யாரு?"

இதுதான் என் வாழ்நாள் உழைப்பின் கணக்கு: பாதி அப்பாவுக்கு, பாதி வீட்டுக்காரருக்கு, எனக்கு ஒன்றுமில்லை. சட்டென்று கோபம் மூக்குக்கு ஏறியது. அவர் பயப்படவில்லை, பழகிய மனிதர். இதற்கு முன்பு யாரோ அடுத்தவர் கட்டுரையைத் தன்னுடையது என்று காட்டிவிட்டதால் இப்போது கறாராக இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நான் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்களும் கட்டுரைகள் தங்களுடையவை அல்ல என்று எழுதித் தர வேண்டும். எல்லாம் அன்று மாலை ஐந்து மணிக்குள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். கோர்ட் எதிரில் ஒரு நோட்டரி வக்கீலின் டைப்பிஸ்ட் விஷயத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்று பத்திரம் அடித்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டு வந்து, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு, "அப்ப இனிமே எனக்கு மெயில் வராதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. மகள் பேராசிரியர் ஆவதற்குத் தன் கையெழுத்து தேவைப்படுகிறது என்ற பூரிப்பு முகம் முழுக்கத் தெரிந்தது.

ஆனால் அவர் படித்தார். பேப்பரில் டெண்டர் விளம்பரத்தையும் விடாத மனிதர் இதை விடுவாரா? நின்றபடியே, உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தார். பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது பாப்பா."

மணி மூன்றரை. எனக்கு உலகமே நின்றுவிட்டது. "ஏம்பா?"

அவர் பத்திரத்தை என் பக்கம் திருப்பி ஒரு இடத்தில் விரல் வைத்தார். நிலம் விட்டுக்கொடுக்கும் பத்திரத்திலிருந்து டைப்பிஸ்ட் அப்படியே எடுத்துப் போட்ட வரி அது: 'மேற்படி கட்டுரைகளுக்கும் எனக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை என்றும், இனி எக்காலத்திலும் எவ்வித பாத்தியமும் கோரமாட்டேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

"அப்பா, அது சும்மா வழக்கமா எழுதுறது. போடுங்கப்பா, நேரமாச்சு."

"பாத்தியம் கேக்க மாட்டேன். அது சரி. சம்பந்தம் இல்லைன்னு எப்படிப் போடுறது?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மூட்டை தூக்குறவரு, தொடையில கட்டி. யாரு கூட்டிட்டு வந்தது?"

"நீங்கதான்."

"நொச்சியத்துல நாத்து நடுற அம்மா. மூணு மாசக் காய்ச்சல். சர்க்கரை இருக்குன்னே அதுக்குத் தெரியாது. யாரு அனுப்புனது?"

அதுவும் அவர் அனுப்பிய ஆள்தான்.

"தொட்டியத்து வாழைக்காரரு. ஆஸ்பத்திரின்னா ஓடிப் போயிடுவாரு. அவரு வீட்டுல போய் மூணு தடவை உக்காந்திருந்தேன். கடைசில பொண்ணைப் பாக்க வந்தவன் மாதிரி பழமெல்லாம் வாங்கிட்டுப் போய்த்தான் கூட்டிட்டு வந்தேன். ஆலைக்கு எதிர்ல டீக்கடை வெச்சிருந்தாரே, அவரை லேட்டா கூட்டிட்டு வந்துட்டேன். பொழைக்கல. அவரு சம்சாரம் இன்னமும் என்னைப் பாத்தா டீ போட்டுக் குடுக்குது. எனக்குத் தொண்டையில எறங்குறதில்ல."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு என் கட்டுரைகள் நினைவுக்கு வந்தன. கட்டுரைகளில் அட்டவணை ஒன்று என்று ஒரு பக்கம் வரும். முதல் வரியில் ஆண், சுமை தூக்குபவர், சர்க்கரை, தொடையில் சீழ்க்கட்டி, குணமானார். இரண்டாவது வரியில் பெண், விவசாயத் தொழிலாளி. நான்காவது வரியில் இறப்பு. நான் எண் போட்டு வைத்திருந்த அட்டவணையை அப்பா வரிசை மாறாமல் ஆள் ஆளாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். 'நோயாளிகள் வந்தார்கள்' என்று நான் எழுதியிருந்தேன். அவர்கள் தாமாக வரவில்லை. பாய்லர் பார்த்த ஒரு மனிதர் டீக்கடையில், ஆலையில், பஸ்ஸில் யார் இளைத்துப்போகிறார்கள் என்று பார்த்து, காய்ச்சல் எத்தனை மாசம், சர்க்கரை உண்டா, சேத்துல நிப்பீங்களா என்று கேட்டுக் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

"நீ எழுதுனதுல கடைசில நன்றின்னு ஒண்ணு இருக்காமே" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "ஜெராக்ஸ் கடைப் பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு. இன்குபேட்டர் ரிப்பேர் பண்ணவரு பேரெல்லாம் இருக்காம். இருக்க வேண்டியதுதான், நல்லா பண்ணிருக்காரு. நான் எதுவும் கேக்கல பாப்பா. கேட்டேனா? ஆனா சம்பந்தமே இல்லைன்னு மட்டும் எழுதி வாங்காத."

நன்றியில் தன் பெயர் இல்லை என்பது முதல் கட்டுரை வந்த நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கோர்ட் எதிரில், ஸ்கூட்டர் ஹாரன்களுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க அழுதேன். அவமானத்தில் வந்த அழுகை. பாதி அப்பாவுக்குப் போய்விட்டதே என்று காலையில் குதித்தவள் நான்தான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு டைப்பிஸ்டிடம் போனேன். அந்த வரியை அடித்துவிட்டு வேறு போடச் சொன்னேன்: 'மேற்படி கட்டுரைகளை எழுதியவர் என் மகள். அவற்றில் உள்ள நோயாளிகளைக் கண்டறிந்து அழைத்து வந்தவன் நான்.'

"இப்படியெல்லாம் ஃபார்மட் கிடையாது மேடம்."

"ஃபார்மட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க! நான் சொல்றதை அடிங்க!"

அடித்தார். அப்பா மறுபடி முழுதாகப் படித்தார். 'கண்டறிந்து' என்ற வார்த்தையில் கொஞ்சம் நின்றார். பிறகு பேனாவைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். கண்காணிப்பாளர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டாவது வரி தேவையில்லையே மேடம்."

"எனக்குத் தேவை சார்."

அவர் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். "அந்த சார் நீங்கதானா?" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பதவி கிடைத்தது. முதல் நாளே பிளேட் உத்தரவைப் போட்டேன். டெக்னீஷியன் அதை லேமினேட் செய்து இன்குபேட்டர் கதவில் ஒட்டினார்.

அடுத்த கட்டுரையை அனுப்பும் முன் ஒரு ஞாயிறு காலை மண்ணச்சநல்லூருக்குப் போனேன். இது எல்லா நோயாளிகளையும் சேர்த்து எழுதியது. வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அட்டவணை ஒன்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவருக்கு என்ன வேலைன்னு போட்டிருக்க?"

"மூட்டை தூக்குறவர்."

"அது கெடக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஊறல் தொட்டி கழுவுவாரே, அதைப் போடலையா?"

நெல்லை அவிக்கும் முன் ஊற வைக்கும் தொட்டி அது. அடியில் முழங்கால் அளவு வண்டல் நிற்கும். வெறுங்காலோடு உள்ளே இறங்கித்தான் வாரிக் கொட்டுவார்கள். "வேற யாரெல்லாம்பா தொட்டி கழுவுனாங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வினோதமாகக் கேட்டது. அப்பா அட்டவணையில் விரல் வைத்துக்கொண்டே போனார். இவர். இவர். டீக்கடைக்காரர், கடை வைப்பதற்கு முன்னால். வயலில் இறங்காமலே நோய் எப்படி வந்தது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்ட ஆட்கள் எல்லோரும் அந்த வரிசையில் இருந்தார்கள். நான் துள்ளி எழுந்ததில் காபி டம்ளர் உருண்டது. அன்றைக்கே ஆலை முதலாளியிடம் அனுமதி கேட்டு, பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு, தொட்டி வண்டலை டப்பாக்களில் அள்ளினேன். அப்பா மேலே நின்று, அந்த மூலையில எடு, இந்த மூலையில எடு என்று சத்தம் போட்டார். ஒரு வாரம் பிளேட்டை வைத்தோம். நான்காவது நாள் மடிப்பு விழுந்தது. இந்த முறை ஏகாதசி தேவைப்படவில்லை.

ஆய்விதழ்களுக்கு ஒரு விதி உண்டு. விவரங்களைச் சேகரித்து, கட்டுரையைத் திருத்தி, இறுதி வடிவத்தை ஒப்புக்கொண்டு, அதற்குப் பொறுப்பும் ஏற்பவர் ஆசிரியர் ஆகலாம். பட்டம் வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன். மடிக்கணினியைத் திறந்து, எனக்குக் குடும்பப்பெயராகப் பழையபடி அப்பாவின் பெயரையே போட்டுவிட்டு, இரண்டாவது ஆசிரியர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அடித்தேன். பக்கத்தில் குடும்பப்பெயர்க் கட்டம் சிவப்பாகத் திட்டியது.

"உங்க அப்பா பேரைச் சொல்லுங்கப்பா."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கே சரியாக நினைவில்லை. வயல் வேலை. மாதக்கணக்கில் காய்ச்சல் அடித்து, இளைத்து, காசம் என்று சொல்லித் தனியாகப் படுக்க வைத்து, ஒரு அறுவடைக்கு முன்னால் போய்விட்டார்.

"அவருக்கும் இதுதானோ என்னவோ" என்றார் அப்பா.

"இனிமே கண்டுபிடிக்க முடியாதுப்பா."

"தெரியும். சும்மா சொன்னேன்." பிறகு பெயரைச் சொன்னார். எழுத்து எழுத்தாக அடித்தேன். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒப்புதல் கேட்டு மெயில் வரும். அப்பாவின் போனுக்கு வந்தது. நீங்கள் இந்தக் கட்டுரையின் ஆசிரியரா என்று கேட்டிருந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தினார்.

கட்டுரை வெளிவந்த அன்று ஆய்வகத்திலிருந்தே போன் செய்தேன்.

"வந்துடுச்சுப்பா!"

"பேரை ஒழுங்கா போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்கப்பா. மொதல்ல என் எடத்துல உங்க பேரு, அடுத்தது உங்க எடத்துல தாத்தா பேரு. ரெண்டும் முழுசா."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று போனது கேட்டது. அப்பா அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கேட்டார்.

"அப்ப உன் பேரு எங்க?"

"உங்க பேருக்குப் பக்கத்துல ஒரு எழுத்தா இருக்கேன்பா. உங்களுக்கு நான்தான் இனிஷியல்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது தப்பு பாப்பா. ராத்திரி பகலா ஒழைச்சது நீ" என்றார். "அவங்களுக்கு எழுதிப் போடு. பத்திரம் ஏதாவது வேணும்னா சொல்லு, இப்பவே பஸ் ஏறி வரேன்."